வீட்டை ஈடு வைத்து மகளை ஓவியம் படிக்க வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். என் கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கும் எங்கள் மகளுக்கு ஓவியத்தைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லை. ஒரு தனியார் டிசைன் கல்லூரியில் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் கட்டணத்தில் நான்காண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடனுக்கு மாமனார் காலத்து வீட்டை வங்கி ஈடாகக் கேட்கிறது. ஆண்டுக்கு 80,000 ரூபாயில் நுண்கலைப் பட்டம் தரும் வேறொரு கல்லூரியிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ‘படம் வரைந்தால் சோறு கிடைக்குமா? பேசாமல் பி.காம். சேர்த்துவிடுங்கள்’ என்கிறார் என் நாத்தனார். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தாய், அல்சூர்

பதில்: உங்கள் நாத்தனாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சோறு கிடைக்கும், ஆனால் தாமதமாகக் கிடைக்கும், ஒரு மாதம் வந்து மறு மாதம் வராமலும் இருக்கும். வங்கித் தவணையோ மாதந்தோறும் தேதி தவறாமல் வந்து நிற்கும். கலைத் துறையின் வருமானமும் கடன் தவணையும் இப்படி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை என்பதால், ‘ஓவியம் படிக்கலாமா’ என்பதைவிட ‘எவ்வளவு கடனோடு படிக்கலாம்’ என்பதே நீங்கள் யோசிக்க வேண்டிய கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் 5 லட்சம் வாங்கினால், படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய தவணை கட்ட வேண்டாத ஓராண்டுச் சலுகைக் காலமும் முடியும்போது தனிவட்டியே ஏறத்தாழ 7 லட்சம் சேர்ந்திருக்கும். அந்த 27 லட்சத்தை 15 ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 29,000 ரூபாய் தவணை கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது கையைவிட்டுப் போயிருப்பது 52 லட்சம். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் நீங்கள் மாதாமாதம் கட்டிவந்தால் தவணை 21,500 ரூபாய் அளவுக்குக் குறையும் என்றாலும், நான்காம் ஆண்டில் அந்த வட்டியே மாதம் 16,000 ரூபாயைத் தாண்டிவிடும். மற்றக் கல்லூரிக்கு வேண்டிய மொத்தக் கட்டணம் 3 லட்சத்து 20 ஆயிரம்தான். வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்து ஈடும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும். அதே வட்டி, அதே காலத்துக்குத் தவணை சுமார் 4,650 ரூபாய். (உங்கள் கணவர் பழைய வருமான வரி முறையில் இருந்து, கடனும் அவர் பெயரில் இருந்தால், கல்விக் கடனுக்கு அவர் கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு கிடைக்கும், புதிய முறையில் இந்தச் சலுகை இல்லை. இதை நம்பிக் கடன் தொகையைக் கூட்டாதீர்கள்.)

இந்த இரு படிப்புகளும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். டிசைன் என்பது பெரும்பாலும் வேலைக்குப் போகும் படிப்பு. மொபைல் செயலிகளின் திரை வடிவமைப்பு, பொருள் வடிவமைப்பு, கேம், அனிமேஷன் என்று பெங்களூரில் அதற்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. நுண்கலையில் பொதுவாக முதலாண்டு அடிப்படைப் பயிற்சி. பிறகு ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, விளம்பரக் கலை என்று துறை பிரியும். இவற்றில் விளம்பரக் கலைதான் மாதச் சம்பளத்துக்கு அருகில் இருப்பது. உங்கள் மகள் ‘ஓவியம்’ என்று சொல்வது இவற்றில் எதை என்று அவளிடமே கேளுங்கள். பிறர் பயன்படுத்தும் பொருளை வடிவமைப்பதில் அவளுக்கு ஆர்வம் இருக்கிறதா, தன் மனத்தில் உள்ளதை வரைவதில்தானா என்பது அவளுடைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினாலே ஓரளவு தெரிந்துவிடும். பின்னதுதான் என்றால், 29,000 ரூபாய்த் தவணை அவளை முதல் மாதத்திலிருந்தே பிடிக்காத ஒரு வேலையில் உட்கார வைத்துவிடும். வரைவதற்காகப் படித்த பிள்ளைக்கு வரைய நேரமிருக்காது.

ஓவியர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதையும் நீங்களே நேரில் பார்த்துவிடலாம். ஆண்டுத் தொடக்கத்தில் கர்நாடக சித்ரகலா பரிஷத் குமாரகிருபா சாலையில் நடத்தும் சித்ர சந்தைக்கு மகளோடு போங்கள். சாலையின் இருபுறமும் ஓவியர்கள் தங்கள் படங்களைத் தாங்களே விற்பார்கள். சில நூறு ரூபாயிலிருந்து லட்சக்கணக்கு வரை விலை இருக்கும். வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பாமல், கேன்வாஸுக்கும் சட்டத்துக்கும் எவ்வளவு செலவாயிற்று, கேலரி கமிஷன் எவ்வளவு, மற்ற நாட்களில் என்ன செய்கிறீர்கள் என்று நான்கைந்து பேரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேலரி விற்றுக் கொடுத்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கமிஷனாகப் போவது வழக்கம். பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழந்தைகளுக்கு வார இறுதி வகுப்பு, புத்தகங்களுக்குப் படம் வரைவது என்று வேறொரு வருமானமும் வைத்திருப்பவர்களே அங்கே பெரும்பாலும் இருப்பார்கள். இதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்களே பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போதே, தனியார் கல்லூரியை நான் அடியோடு ஒதுக்கவில்லை. மகளின் விருப்பம் உண்மையிலேயே டிசைன்தான் என்றால், கல்லூரியின் விளம்பரத்தில் இருக்கும் ‘அதிகபட்சச் சம்பளம்’ என்ற எண்ணை மறந்துவிட்டு, அவளுடைய பிரிவில் சென்ற ஆண்டு தேறியவர்கள் எத்தனை பேர், அவர்களில் கேம்பஸில் வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், சம்பள வரிசையின் நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்து முடித்த இரண்டு பேரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து, முதல் வேலை கிடைக்க எத்தனை மாதமாயிற்று, தவணையை யார் கட்டுகிறார்கள் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கல்லூரி மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஈடில்லாமல் கடன் பெற வழியுண்டு. ஆனாலும் தொகை அதேதான் என்பதால் தவணைச் சுமை பெரிதாக மாறாது.

கணக்கரின் ஒரே சம்பளத்தில் நடக்கும் குடும்பம், இருக்கும் ஒரே வீட்டை இதற்காக ஈடு வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. அவளை 80,000 ரூபாய்க் கல்லூரியில் சேருங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல மடிக்கணினிக்கும் அதில் வரைய உதவும் வரைபலகைக்கும் ஒதுக்குங்கள். வண்ணம், கேன்வாஸ், பிரிண்ட், கண்காட்சிக்குச் சட்டம் போடுவது என்று கட்டண ரசீதில் வராத செலவுகளும் மாதாமாதம் வரும். கல்லூரிப் பாடத்தோடு திரை வடிவமைப்பு மென்பொருளையும் அவள் கற்றுக்கொண்டு, இரண்டாம் ஆண்டிலிருந்தே சின்னச் சின்ன வேலைகளை எடுத்துத் தன் படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைச் சேர்க்கட்டும். இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்கள் பட்டத்தைவிட அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். டிசைன்தான் வேண்டுமென்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் தோன்றினால் முதுகலையில் சேரலாம். அப்போது கடன் வாங்குகிறவள் தன் கைத்தொழில் அறிந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக இருப்பாள்.

தனியார் கல்லூரியில் இடத்தைப் பிடித்துவைக்க முன்பணம் ஏதும் கட்டியிருந்தால், எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று இந்த வாரமே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். மற்றக் கல்லூரியில் இடம் உறுதியாகும் முன் அந்தத் தேதி கடந்துவிடக் கூடாது.