பதில்: குவாரித் தண்ணீரில் எஃகுக் கசடு கொட்டலாமா?

வணக்கம் நண்பரே. தக்கலைப் பக்கம் கைவிட்ட குவாரியில் அடியில் செம்படிவு, மேலே எண்ணெய் ஏடு. எஃகு ஆலைக் கசடு (எஃகு உருக்கும்போது மிஞ்சும், சுண்ணாம்புபோல் காரமான கழிவு) ஒரு லோடு கொட்டினால் தெளிந்து வாழைக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொட்டாதீர்கள்.

கசடு தண்ணீரைச் சரிசெய்யும் என்று நீங்கள் படித்தது அமெரிக்காவின் ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கங்களின் கதை. அங்கே பைரைட்டில் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகிறது. அதற்கும் கசடை அமில நீருக்குள் அள்ளிப் போடுவது நல்ல வழியல்ல. நல்ல ஓடைத் தண்ணீரைக் கசடுப் படுகை வழியே விட்டு, காரம் ஏறியபின் அமில நீரோடு கலப்பார்கள். அமில நீரை நேரே விட்டால் இரும்பு படிந்து இடுக்கெல்லாம் அடைத்துவிடும்.

நம்மூர்ப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட், கோண்டலைட் என்ற கடினப் பாறை வகைகள். தண்ணீர் அந்த அளவு அமிலமாவது அபூர்வம். கசடு இறங்கினால் பிஎச் (அமில-கார அளவு, 7 நடுநிலை) 11கூடத் தாண்டலாம், மீன் மிஞ்சாது. துருப்பிடிக்காத எஃகின் கசடு என்றால் அதிலுள்ள குரோமியம் என்ற உலோகம் வேறு தலைவலி.

முதலில் அந்த ஏட்டைக் குச்சியால் குத்துங்கள். கண்ணாடிச் சில்லாக உடைந்தால் இரும்பு பாக்டீரியா. மறுபடி கூடிக்கொண்டால் நிஜ எண்ணெய், அங்கே லாரி கழுவுகிறார்களா என்று விசாரியுங்கள். அப்புறம் பிஎச், இரும்பு இரண்டையும் சோதித்து அளவை இங்கே போடுங்கள். வெறும் இரும்புதான் என்றால், காற்றுப் பட்டு இரும்பு படியும்படி தண்ணீரை நாலு படிக்கட்டில் இறக்கித் தெறிக்கவிட்டு, தொட்டியில் தேக்கி, மணலில் வடித்தாலே பெரும்பாலும் போதும்.