‘வென் ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்’ என்றால் என்ன பொருள்? வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது?

ஒருக்காலும் நடக்காது என்று பொருள். ஹெல் என்பது நரகம். ஓயாமல் தீ எரிகிற அந்த இடம் பனிக்கட்டியாக உறைந்தால்தான் இது நடக்கும் என்கிறார்கள். ‘ஃப்ரீஸ் ஓவர்’ என்பது ஏரியின் மேற்பரப்பு முழுக்கப் பனி மூடிக்கொள்வதைக் குறிக்கும் வினை.

தமிழில் யோசித்து எழுதுபவர்கள் பெரும்பாலும் இடறுவது மறுப்பை எங்கே வைப்பது என்பதில்தான். ‘சூரியன் மேற்கே உதித்தாலும் அவன் மன்னிப்புக் கேட்க மாட்டான்’ என்போம். மறுப்பு வினையிலேயே இருக்கிறது. ‘வென்’ போட்டால் ஆங்கிலத்தில் அது வரக்கூடாது: ‘ஹி வில் அப்பாலஜைஸ் வென் ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்’. கேட்பான், ஆனால் நரகம் உறையும்போது, அவ்வளவுதான். இதில் ‘வோன்ட்’ போட்டால் பொருளே குலைந்துவிடும். மறுப்பு வேண்டுமென்றால் ‘வென்’ இருக்கும் இடத்தில் ‘அன்டில்’ போடுங்கள்: ‘ஹி வோன்ட் அப்பாலஜைஸ் அன்டில் ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்’.

மறுப்பில்லாத வாக்கியத்தில் ‘அன்டில்’ வந்தால் ‘எத்தனை காலமானாலும்’ என்று பொருள் மாறும். கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, 1962 அக்டோபர் 25 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவையில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டிருக்கின்றனவா என்ற கேள்விக்கு சோவியத் தூதர் சோரின் நேரடியாகப் பதில் சொல்லாமல் நழுவினார். அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன், பதிலுக்காக ‘அன்டில் ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்’ காத்திருக்கத் தயார் என்றார். இந்தப் பயன்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எதிர்காலத்தைச் சொன்னாலும் ‘வென்’னுக்குப் பின் நிகழ்காலம்தான், ‘வென் ஹெல் வில் ஃப்ரீஸ்’ தவறு. ஹெல்லுக்கு முன் ‘த’ வேண்டாம். ‘ஃப்ரீஸ்ட்’ என்று ஒரு சொல்லே கிடையாது. ஃப்ரீஸ், ஃப்ரோஸ், ஃப்ரோஸன் என்றே வரும். நடக்கவே நடக்காது என்று நினைத்தது நடந்துவிட்டால், ‘ஹெல் மஸ்ட் ஹேவ் ஃப்ரோஸன் ஓவர்!’ என்று வியக்கலாம்.

நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். அலுவலக மின்னஞ்சலிலும் மேலதிகாரியிடமும் வேண்டாம். ‘ஹெல்’ பலர் காதுக்கு வசைச்சொல். அதோடு, கேட்டவர் முகத்துக்கு நேரே சொன்னால் கதவை அறைந்து சாத்துவது போலிருக்கும். அங்கெல்லாம் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் தட்ஸ் நாட் பாசிபிள்’ போதும்.