பேத்தி மலாயில் பதில் சொல்கிறாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான்கு வயதுப் பேத்தி பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், தமிழில் கேட்டால்கூட மலாயில்தான் பதில் சொல்கிறாள். இரண்டு மொழி சேர்ந்தால் குழம்பிவிடுவாள், வீட்டிலும் மலாயே பேசுங்கள் என்கிறார்கள். அப்படியா?
- ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை அம்மா. வீட்டுத் தமிழைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளை இரண்டையும் கலந்து பேசுவது இயல்பு. வளர வளரத் தானே பிரித்துக்கொள்ளும்.

தமிழ் நழுவுவது பெரும்பாலும் நம் பக்கத்தில்தான். பேத்தி "நாக் ஆயர்" என்றதும் நாமும் மலாயிலேயே பேசித் தண்ணீர் கொடுத்துவிடுகிறோம். தமிழ் இல்லாமலே காரியம் நடக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. "தமிழ்ல சொல்லு" என்று அதட்டினாலோ வாயையே மூடிக்கொள்வாள். "தண்ணி வேணுமா? சுடுதண்ணியா, பச்சத் தண்ணியா?" என்று கேளுங்கள். முதல் கேள்வியோடு நிறுத்தினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். இரண்டாவதற்கு ஒரு தமிழ்ச் சொல்லாவது வந்தாக வேண்டும். "பச்சத் தண்ணி" என்றால், "பச்சத் தண்ணி குடுங்க பாட்டியா? இந்தா" என்று வாக்கியமாக நீட்டிச் சொல்லிக் கொடுங்கள். குளிக்கும் நேரம், தூங்கும் முன் கதை நேரம் இரண்டையும் தமிழுக்கென்றே வைத்துவிடுங்கள். தமிழ்த் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் போதாது. அது பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்காது.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்றே பேச ஆரம்பியுங்கள். பிறந்த குழந்தையின் காது எந்த மொழியின் ஒலிகளையும் பிரித்தறியும். ஒரு வயதை நெருங்கும்போது கேட்டுப் பழகிய ஒலிகளுக்கே கூர்மையாகிவிடும். மலாயில் லகரம் ஒன்றுதான். அதை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பல்லியும் பள்ளியும் ஒன்றுபோலக் கேட்கும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்கள் எதிர்பார்க்கலாம். இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். மொத்தமும் குறைவாக இருந்தால் மொழியின் மேல் பழி போடாமல், முதலில் கிளினிக்கில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மொழி மாறினால் சிந்தனையும் மாறுமா?
- ஒரு மாணவர், லூனாஸ்

பதில்: கவனம் எங்கே போகிறது என்பது மாறும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கூகு யிமிதிர் மொழி பேசுவோர் ஒரு பொருள் இருக்கும் இடத்தை இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்வதில்லை. வடக்கு, தெற்கு என்பார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் திசை தெரியாமல் அந்த மொழியைப் பேச முடியாது. அதனால் எந்நேரமும் திசையைக் கவனித்தபடியே இருக்கிறார்கள். பழகினால் நமக்கும் அது வரும். தமிழ் அதற்கு நம்மைத் தினமும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: மகன் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படிக்கிறான். அங்கே தமிழ்ப் பாடம் கேட்க முடியுமா?
- ஒரு தந்தை, பெஸ்தாரி ஜெயா

பதில்: முடியும். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்க வசதி செய்து தர வேண்டும் என்கிறது மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். ஆளுக்கொரு நாள் போய் வாய்மொழியாகக் கேட்டால் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்குச் சான்றே இருக்காது. எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதமாக, பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையொப்பத்துடன் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பெற்றுக்கொண்ட தேதியை நகலில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓரிருவர் பின்வாங்கினாலும் எண்ணிக்கை குறையாதபடி, 15க்கு மேல் சில பெயர்களைக் கூடுதலாகவே சேர்த்துவிடுங்கள்.