குடத்தில் தண்ணீர் இருக்கிறதா?

அக்கா, ஆறு மாதமாக மொபைல் ஆப் உதவியோடு தினமும் காலையில் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். சரியாக அந்நேரம் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, எரிச்சல் தலைக்கேறுகிறது. நாகர்கோவிலில் ஞாயிறுதோறும் பௌத்த முறையில் சேர்ந்து உட்காரும் குழுவுக்குக் கூப்பிடுகிறார்கள். தியானம் என்றால் தனியாகச் செய்வதுதானே? நாங்கள் சபைக்குப் போகிற குடும்பம், இது மதம் மாறுவதாகிவிடுமா?
எஸ்., மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

மதம் பற்றிய கேள்வியை உங்கள் போதகரிடமே கேளுங்கள். மூச்சுவிட யாரும் ஞானஸ்நானம் வாங்கத் தேவையில்லை.

தனியாகவா, சேர்ந்தா? நல்ல நட்பு இந்தத் துறவு வாழ்வில் பாதி என்று சீடர் ஆனந்தர் சொன்னபோது, அப்படிச் சொல்லாதே, முழுவதுமே அதுதான் என்று புத்தர் திருத்தினார். முடிந்தது.

ஆனால் அந்த மிக்ஸியை என்னால் விட முடியவில்லை, தம்பி. பிரான்ஸில் வியட்நாம் பௌத்தத் துறவி திக் நியட் ஹான் 1982-ல் தொடங்கிய பிளம் வில்லேஜ் மடத்தில் மணி அடித்தால், காய் நறுக்கிக்கொண்டிருப்பவர்கூட கத்தியை வைத்துவிட்டு மூச்சைக் கவனிப்பார். மிக்ஸியை அந்த மணியாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதாக நினைத்தீர்களா? இல்லை மக்களே, எழுந்து போய்த் தேங்காய் துருவிக் கொடுங்கள். யாருடைய இட்லிக்கு அந்தச் சட்னி? கடிதம் முழுக்க மிக்ஸி ஓடுகிறது, ஓட்டுகிற ஆளைக் காணோம்.

மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூல் தொகுப்பில் அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்று மூன்று பிக்குகள் ஒரு காட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று புத்தர் கேட்கிறார். அவர்கள் சொல்வதைப் பாருங்கள். பிச்சையெடுத்து முதலில் திரும்புகிறவர் இருக்கை போட்டு, குடிக்கவும் கால் கழுவவும் தண்ணீர் எடுத்து வைப்பார். கடைசியாக வருகிறவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு இடத்தைப் பெருக்குவார். குடிக்கிற குடமோ கக்கூஸ் குடமோ, காலியாக இருப்பதைப் பார்த்தவர் நிரப்புவார். கனமாக இருந்தால் கைச்சைகையால் இன்னொருவரைக் கூப்பிடுவார், அதற்காக மௌனத்தைக் கலைப்பதில்லை. ஞானத்தைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான் வருகிறது. கக்கூஸ் குடத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பது முதலில்! நம்மூர் தியான ஆசாமிகளோ மனைவி காப்பியோடு வந்து நிற்கிறவரை கண்ணைத் திறப்பதில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து ஓய்ந்த பிறகு சின்னத்துறை மீனவ கிராமத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவலே இல்லை. ஜெபமாலை சொல்லி முடித்ததும் எல்லோரும் சும்மா இருப்பார்கள், யாரும் யாரையும் தேற்றவில்லை, அப்புறம் யாராவது மறுபடி ஆரம்பிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, அவள் வீட்டிலும் ஆள் திரும்ப வேண்டியிருந்தது, எழுந்து போய்ப் பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள், நிறைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். கவனம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அவள்தான் ஞாபகம் வருகிறாள். அவளுக்கு எந்த ஆப்பும் கிடையாது.

நாகர்கோவில் குழுவுக்குத் தாராளமாகப் போங்கள். வீட்டுக்காரியையும் வருகிறாயா என்று கேளுங்கள், வரமாட்டேன் என்றால் அந்தக் காலைச் சமையலை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே கூட்டம் முடிந்ததும் பாய் சுருட்டவும் தம்ளர் கழுவவும் ஆள் தேடுவார்கள், எந்தக் குழுவிலும் அப்படித்தான்.