வேலையிடம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: எங்கள் பம்ப் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஃபோர்மேன், ஓடும் மோட்டாரின் மீது ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டே பேரிங்கின் நிலையைச் சொல்லிவிடுவார். அவர் ஓய்வுபெற்றதும், தெரிந்ததையெல்லாம் கணினியில் பதியச் சொல்கிறது நிர்வாகம். யாரும் எழுதுவதில்லை, எழுதியதைப் படிப்பாரும் இல்லை. தவறு எங்கே?
— ஒரு வாசகர், கோவை

பதில்: காதால் கற்றதைப் படிவத்தில் நிரப்பச் சொன்னால் எவர்தான் எழுதுவார்? ஒரு குழுவின் நினைவு என்பது குறிப்பேடு மட்டுமன்று. எது யாருக்குத் தெரியும் என்பதை எல்லோரும் அறிந்திருப்பதே அதன் பெரும்பகுதி. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1980-களில் இதை விளக்கினார். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், மூவர் மூவராக ரேடியோவின் பாகங்களைப் பொருத்தச் செய்து பார்த்தார்கள். தனித்தனியே பயின்று பிறகு குழுவாகச் சேர்ந்தவர்களைவிட, சேர்ந்தே பயின்றவர்கள் ஒரு வாரம் கழித்தும் செய்முறையை அதிகம் நினைவுகூர்ந்ததோடு, குறைவாகவே பிழை செய்தார்கள்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்குநர்களோடு சுற்றித் திரிந்து ஆராய்ந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், கையேடு கைவிட்ட இடத்தில் அவர்களுக்கு உதவியது சாப்பாட்டு வேளையில் பரிமாறிக்கொண்ட பழுதுக் கதைகளே என்று கண்டார். பின்னர் 1990-களில் அங்கே உருவான ‘யுரேகா’ என்ற குறிப்புத் தொகுப்பில், ஒருவர் அனுப்பும் குறிப்பை அனுபவமுள்ள சக தொழிலாளர்கள் சரிபார்த்து, அனுப்பியவரின் பெயரோடு வெளியிட்டார்கள். உங்கள் கணினியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத குறிப்பை நம்பி யாரும் மோட்டாரைக் கழற்றமாட்டார்கள்.

புதுமைக்கும் இதே வழிதான். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டறிந்த வலுவற்ற பசைக்கு ஆண்டுக்கணக்கில் பயன் தெரியவில்லை. ஆனாலும் அவர் அதைப் பற்றிச் சக ஊழியர்களிடம் பேசிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டிருந்த ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டுகள் நழுவி விழுந்தபோது, அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். 1980-இல், ஒட்டி எடுக்கக்கூடிய ‘போஸ்ட்-இட்’ குறிப்புச் சீட்டு அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

ஆகவே, அந்த ஃபோர்மேன் உள்ளூரில்தான் இருக்கிறார் என்றால், உரிய ஊதியத்தோடு (இதை நிர்வாகம் மறந்துவிடக் கூடாது) மாதம் ஒருநாள் அழைத்து, இளையவர் இருவரை அவரோடு சோதனை மேடையில் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் காதை வைத்துக் கேட்ட மோட்டாரை அவர்களும் கேட்கட்டும். அதையே கழற்றிப் பேரிங்கையும் பார்க்கட்டும். அதன்பின், கேட்ட ஓசை, கண்ட பழுது, கண்டவரின் பெயர் ஆகிய மூன்றை மட்டும் அன்றே பதிந்தால் போதும்.