16 டிகிரி வீட்டுக்கு அம்மா வரலாமா?

கேள்வி: வெயில் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். என் கணவர் ஒன்பது வருடங்களாகப் பனி கொட்டும் நாடு ஒன்றில் வேலை பார்க்கிறார். நானும் நான்கு வயது மகனும் இங்கே வந்து இது இரண்டாவது குளிர்காலம். மூன்று ஸ்வெட்டர் போட்டாலும் விரல்கள் மரத்துப்போகின்றன. கணவரோ ஹீட்டரை 16 டிகிரிக்கு மேல் ஏற்ற விடுவதில்லை. "சூட்டிலேயே இருந்தால் உடம்பு எப்போது பழகும்? என்னோடு வேலை பார்ப்பவர்கள் அரைக்கைச் சட்டையோடு பனியில் நடக்கிறார்கள்" என்கிறார். நவம்பரிலிருந்து நானும் மகனும் வெளியே போவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டோம். அடுத்த மாதம் 67 வயதான என் அம்மா வருகிறார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். என்னுடையது குளிர் தாங்காத இரத்தமா? எனக்கு எப்போதாவது பழகுமா? அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மா வரட்டும். ஆனால் அவர் வருவதற்கு முன் அந்த 16 டிகிரி மாற வேண்டும். இதில் உங்கள் கணவரோடு நான் கொஞ்சமும் உடன்படவில்லை. ஏன் என்பதை அவரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

இரத்தத்தில் குளிர் தாங்கும் இரத்தம், தாங்காத இரத்தம் என்று இரண்டு வகை கிடையாது. குளிர் பட்டதும் எல்லா மனித உடலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. தோலுக்கும் விரல்களுக்கும் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நெஞ்சையும் வயிற்றையும் சூடாக வைத்துக்கொள்கிறது. அதுவும் போதாதபோது தசைகளை நடுங்க வைத்து வெப்பம் உண்டாக்குகிறது. உங்கள் விரல்கள் மரத்துப்போவது உடல் தன் கடமையைச் செய்வதன் அடையாளம். ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டுதான். உடல் சிறியதாக, தசை குறைவாக இருப்பவர்களுக்கு உள்ளே உண்டாகும் வெப்பம் குறைவு. உங்கள் கணவர் உங்களைவிடப் பெரிய உடல்வாகு உள்ளவர் என்றால், ஒரே அறையில் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் இருவர் உடலுக்கும் அது ஒரே குளிர் அல்ல. உங்கள் மகனுக்கு இன்னும் கடுமை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் தோல் பரப்பு அதிகம் என்பதால் அவர்கள் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள்.

பழகுமா என்று கேட்டீர்கள். ஓரளவு பழகும். இந்த அளவுக்கு உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் ஆரோக்கியமான இளைஞர்களை நாளுக்கு ஆறு மணி நேரம் வீதம் பத்து நாட்கள் 15, 16 டிகிரி அறையில் உட்கார வைத்தார்கள். முடிவில் அவர்களுக்கு நடுக்கம் குறைந்திருந்தது. நடுங்காமலேயே வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பின் செயல்பாடு கூடியிருந்தது. ஆனால் பழகியது நிலைத்து நிற்கும் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். கொரியக் கடலில் மூச்சை அடக்கி மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த நீரிலும் வெறும் பருத்தி உடையோடு இறங்கியவர்கள். அவர்களுடைய உடல் குளிர்காலத்தில் கூடுதல் வெப்பத்தை உண்டாக்குவதை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருந்தார்கள். 1977 வாக்கில் அவர்கள் உடலை மூடும் ரப்பர் உடைக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தனித்திறன் மறைந்துபோனது. அது அவர்கள் பிறப்பிலேயே கொண்டுவந்த வரம் என்றால் உடை மாறியதும் போயிருக்குமா?

பழக்கம் தருவது பெரும்பாலும் சௌகரியத்தைத்தான். நடுக்கம் குறையும், எரிச்சல் குறையும். ஆனால் குளிர் உறைக்காமல் போவதும் குளிரால் ஆபத்து இல்லாமல் போவதும் வேறு வேறு. அந்த ஆய்வில் உட்கார்ந்தவர்கள் நோயில்லாத இளைஞர்கள், ஆறு மணி நேரம் முடிந்ததும் எழுந்து போனவர்கள். நான்கு வயதுக் குழந்தையையும் 67 வயதுத் தாயையும் இரவும் பகலும் 16 டிகிரியில் வைத்துப் பழக்குவதற்கு அந்த ஆய்வு அனுமதிச் சீட்டு ஆகாது.

இப்போது உங்கள் கணவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு வருகிறேன். ஐரோப்பாவின் பல பகுதிகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் இறப்பு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். அதிகமாகக் கூடியது வடக்கே பின்லாந்தில் அல்ல. ஏதென்ஸ் போன்ற, குளிர்காலம் மிதமாக இருக்கும் இடங்களில்தான். காரணம் தேடியவர்கள் வீடுகளையும் உடைகளையும் கவனித்தார்கள். வெளியே 7 டிகிரி இருக்கும் நாளில் ஏதென்ஸ் வீடுகளின் கூடம் சராசரியாக 19.2 டிகிரி, தெற்குப் பின்லாந்தில் 21.7 டிகிரி. அதே 7 டிகிரியில் வெளியே தொப்பி அணிந்து சென்றவர்கள் ஏதென்ஸில் நூற்றுக்கு 13 பேர், தெற்குப் பின்லாந்தில் நூற்றுக்கு 72 பேர். அடுத்த ஆண்டு சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரைப் பற்றிய ஆய்வு வந்தது. அக்டோபர் முதல் மார்ச் வரை சராசரியே மைனஸ் 26 டிகிரிக்கும் கீழே இருக்கும் ஊர் அது. அங்கே குளிர் ஏற ஏற மொத்த இறப்பு ஏறவில்லை. அவர்கள் வீட்டைச் சூடாக வைத்திருந்தார்கள். வெளியே போனால் நான்கு அடுக்குக்குக் குறையாமல், உரோமத்தோடு உடுத்தினார்கள்.

இந்த எண்களை முதன்முதலில் படித்தபோது நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். குளிர் நாட்டுக்காரர்கள் குளிரைத் தாங்குகிறார்கள் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் அவர்கள் குளிரைத் தங்களை அண்டவிடுவதே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கற்றுவைத்திருக்கும் அந்தக் கவனத்தைத்தான் நாம் உடல் வலிமை என்று தவறாகப் படிக்கிறோம். அரைக்கைச் சட்டையோடு நடக்கும் அந்தச் சக ஊழியர்களும் சூடான காரிலிருந்து சூடான அலுவலகத்துக்கு இரண்டு நிமிடம் நடக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள். காற்றும் பனியும் வீசும் நாளில் பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நிற்கும்போது அவர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று உங்கள் கணவரைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

ஊர்களுக்கும் இது பொருந்தும். 2014 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில் மூன்று அங்குலத்துக்கும் குறைவான பனிதான் விழுந்தது. சாலைகள் உறைந்து வாகனங்கள் இரவு முழுவதும் சிக்கி நின்றன. பல குழந்தைகள் பள்ளிகளிலேயே இரவைக் கழித்தார்கள். வடக்கே உள்ள நகரங்களில் அதே அளவு பனி பேச்சுக்குக்கூட வராது. 2021 பிப்ரவரியில் டெக்சஸில் மின்சாரம் நின்று, குளிருக்காகக் கட்டப்படாத வீடுகள் உறைந்தபோது மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். அதில் குளிரில் உடல் வெப்பம் இழந்து இறந்தவர்கள் ஏராளம். வீட்டைச் சூடாக்க முயன்று கார்பன் மோனாக்சைடு நச்சில் இறந்தவர்களும் உண்டு. இந்த மக்கள் யாரும் பலவீனமானவர்கள் இல்லை. அவர்கள் ஊரில் பனி அள்ளும் வண்டிகளும் வெப்பம் காக்கும் சுவர்களும் குளிர்கால அனுபவமும் போதாமல் இருந்தன, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்கிறது. முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு அதைவிட அதிகம் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. உங்கள் வீட்டில் இப்போது ஒரு குழந்தை, அடுத்த மாதம் ஒரு முதியவர். அம்மா இருக்கும் அறை 20, 21 டிகிரியில் இருக்கட்டும். ஒரு சிறிய தெர்மாமீட்டரை அவர் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஹீட்டர் காட்டும் எண் ஒன்றாகவும் ஜன்னலோரக் கட்டிலின் குளிர் வேறாகவும் இருப்பது சாதாரணம்.

உங்கள் கணவரின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஹீட்டர் செலவு இருக்கிறதோ என்றும் எனக்குத் தோன்றுகிறது. வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு "உடம்பு பழகட்டும்" என்று சொல்லும் ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். சண்டையில்லாமல் கேளுங்கள். செலவுதான் காரணம் என்றால் வழி இருக்கிறது. வீடு முழுவதையும் ஒரே அளவில் சூடாக்க வேண்டியதில்லை. பகலில் எல்லோரும் இருக்கும் ஓர் அறை, இரவில் படுக்கும் அறை என்று வைத்துக்கொள்ளலாம். கதவடி இடுக்குகளை அடையுங்கள், இருட்டியதும் கனமான திரைகளை இழுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் எந்த நாளும் செய்யாதீர்கள்: சமையல் அடுப்பையோ கரி அடுப்பையோ வைத்து அறையைச் சூடாக்குவது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

மூன்று ஸ்வெட்டர் போட்டும் ஏன் குளிர்கிறது என்று பார்ப்போம். ஸ்வெட்டர் காற்றைத் தடுப்பதில்லை. அதன் கண்ணிகள் வழியே காற்று புகுந்து, நீங்கள் சேர்த்துவைத்த சூட்டை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. உடலை ஒட்டி மெல்லிய கம்பளியோ வியர்வையை வெளியே இழுக்கும் செயற்கைத் துணியோ இருக்கட்டும். அதன் மேல் ஒரே ஒரு நல்ல ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் நுழையாத கோட்டு. உடலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரம் உடல் சூட்டை மிக வேகமாக உறிஞ்சும். அடுக்குகள் இறுக்கமாக இருந்தாலும் பயன் போய்விடும், ஏனென்றால் நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. காலணிக்கும் இதே கதைதான். இரண்டு காலுறைகளைத் திணித்து விரலை நெரிப்பதைவிட, ஒரு தடித்த கம்பளிக் காலுறையும் விரல்கள் அசைய இடமுள்ள பூட்ஸும் மேல். கைக்கு ஐந்து விரலும் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் சேர்ந்திருக்கும் உறை கூடுதல் சூடு தரும். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வார்கள், அது உண்மையில்லை. ஆனாலும் தொப்பி வேண்டும், காதும் நெற்றியும் திறந்திருந்தால் அங்கேதான் முதலில் வலிக்கும்.

இனி வெளியே போங்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். நவம்பரிலிருந்து ஒரு தாயும் குழந்தையும் நான்கு சுவருக்குள் இருப்பது எனக்குக் குளிரைவிட அதிகக் கவலை தருகிறது. குறைந்த பகல் வெளிச்சம் மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பதை மருத்துவம் 1984-இலிருந்தே பெயரிட்டுப் பேசிவருகிறது. வெயில் இருக்கும் நடுப்பகலில் முதலில் பத்து நிமிடம், அடுத்த வாரம் இருபது நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். உங்கள் கணவர் சொல்லும் பழக்கமும் இப்படித்தான் வரும். திரும்பி வந்ததும் மகனின் விரல், காது, மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சியில்லாமல் வெளுத்தோ மெழுகு போலவோ இருந்தால் தேய்க்கவே கூடாது. நெருப்பருகே காட்டவும் கூடாது. வெதுவெதுப்பான நீரில் வைத்து, உணர்ச்சி திரும்பாவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டைவிட்டுப் புறப்படுமுன் வெறும் வெப்பநிலையைப் பார்க்காமல், காற்றோடு சேர்ந்து உணரப்படும் குளிரைப் பாருங்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட நாளில் நீங்கள் வீட்டுக்குள் இருப்பது சோம்பல் ஆகாது.

வழுக்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடுங்குளிர் நாளைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டி உருகியும் உறைந்தும் கிடக்கும் நாளில்தான் பனிக்கட்டி அதிகம் வழுக்கும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் அப்படி ஓர் "இதமான" காலையில்தான் வாசற்படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். சிறு சிறு அடியாக, பாதத்தை முழுதாக ஊன்றி, கைகளைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்து நடக்க வேண்டும். அம்மா வந்த முதல் நாளே இதை அவருக்கு நடந்து காட்டுங்கள்.

அம்மாவைப் பொறுத்தவரை, புறப்படுமுன் தம் மருத்துவரைப் பார்க்கட்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் ஏறும். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தங்கப்போகும் நாட்களுக்கு வேண்டிய மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். "சும்மாதானே இருக்கிறேன்" என்று வாசல் பனியை வாரப் போவார், விடாதீர்கள். குளிர்காற்றில் மூச்சுப் பிடித்துப் பனி வாருவது இதயத்துக்குப் பெரும் சுமை. விரல்கள் குளிரில் திடீரென்று வெளுத்து, பிறகு நீலமாகிச் சிவந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இது உங்களுக்கும் பொருந்தும். வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் நடை வந்தால் அசதி என்று விட்டுவிடாமல் அவசர உதவியை அழையுங்கள்.

அவருடைய கால் அளவை இன்றே தொலைபேசியில் கேட்டு வாங்கிவிடுங்கள். விமான நிலையத்துக்குப் போகும்போது கோட்டு, தொப்பி, காலுறை, பூட்ஸ் நான்கையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் வெளிக்கதவைத் தாண்டுவதற்கு முன், உள்ளேயே உட்கார வைத்து நீங்களே மாட்டிவிடுங்கள்.