ஒரு முறை 'இல்லை' என்று வந்தால் மலேரியா இல்லையென்று ஆகாது

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அக்கா கேட்கிறார்: "தம்பி மொசாம்பிக்கில் வேலை முடித்து மூன்று கிழமைக்கு முன் வந்தான். ஐந்து நாளாக நடுக்கத்தோடு காய்ச்சல். டெங்கு இல்லை. மலேரியாவுக்கும் இரத்தம் பார்த்து இல்லை என்றார்கள். திரும்ப வரச் சொல்கிறார்கள். இருந்தால் முதல் முறையே தெரியாதா?"

தெரியாமல் போகலாம் அக்கா. இன்றைக்கே கூட்டிப்போங்கள்.

மலேரியாக் கிருமி இரத்தத்தில் சிவப்பணுவுக்கு வெளியே திரிவது கொஞ்ச நேரந்தான். சிவப்பணுவில் பட்டதும் புரண்டு, கூரான முனையை அதன் தோலுக்கு நேரே திருப்பும். ஆபத்தான ஃபல்சிபாரம் வகையில், ஆர்எச்5 என்ற புரதம் சிவப்பணுவின் மேலிருக்கும் பாசிஜின் என்ற புரதத்தைப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி கிடைக்காவிட்டால் உள்ளே போகவே முடியாது. அடுத்து, தன்னிடமுள்ள ரொன்2 புரதத்தைச் சிவப்பணுவின் தோலில் பதித்து, அதையே ஏஎம்ஏ1 என்ற இன்னொரு புரதத்தால் கவ்விக்கொள்ளும். பிடிமானத்தையும் தானே கொண்டுவந்து பொருத்துகிறது! அந்த வளையத்தினூடாக நுழைய நுழைய, சிவப்பணுவின் தோல் உள்மடிந்து அதற்கு உறையாகிவிடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

உள்ளே 48 மணி நேரத்தில் ஒன்று 16 முதல் 32 வரை பெருகி, அணுவை வெடித்துக்கொண்டு வரும். நடுக்கம் அப்போதுதான். ஆனால் பாதிக் காலம் கடந்ததும், ஃபல்சிபாரம் புகுந்த அணுக்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. விரலில் குத்தி எடுக்கும் சொட்டில் பெரும்பாலும் இளம் கிருமிகளே வரும். கிருமிகள் குறைவாக இருந்தால் அதுவும் தப்பிவிடும். அதனால்தான் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறையாவது பார்க்க வேண்டும். காய்ச்சல் ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் மிஞ்சிய டொக்சிசைக்ளின் போன்ற மருந்துகளைக் கொடுக்காதீர்கள். கிருமி குறைந்து ஒளிந்துகொள்ளுமே தவிர, நோய் போகாது.

"மலைக்குளிரில் மலேரியா வராது" என்பார்கள். 18 பாகைக்குக் கீழே நுளம்புக்குள் ஃபல்சிபாரம் வளராது, உண்மைதான். தம்பியின் உடம்புச் சூடு 37 பாகை. அங்கே குளிர் எதுவும் செய்யாது. இலங்கைக்குள்ளேயே பரவிவந்த மலேரியா 2012 ஒக்டோபரோடு நின்று, 2016இல் உலக சுகாதார அமைப்பு சான்றும் தந்துவிட்டதால், இப்போது மலேரியா சட்டென்று நினைவுக்கு வராது. வாட்டில் முதல் சொல்லாக "மொசாம்பிக்" என்று சொல்லுங்கள்.

மயக்கம், பிதற்றல், மூச்சுவாங்கல், கண் மஞ்சள், கறுத்த சிறுநீர் இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை வைத்திருக்க வேண்டாம். இரவோடிரவாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.